ஒரு டிகிரிக்கு ஒரு நொடி: அகலக்கோண ஐபீஸ் எங்கிருந்து வந்தது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

டெலஸ்கோப் வாங்குவது பற்றிப் பேசியதிலிருந்து ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. "எட்டு இன்ச் டாப்சோனியன் வாங்கிட்டேன். கூடவே 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ் ரெண்டு கொடுத்தாங்க. சனியை இன்னும் பெரிசா பார்க்கணும். 5 மி.மீ. வாங்கலாம்னு இருக்கேன். சாதாரண ப்ளாசல் போதுமா, 82 டிகிரி அகலக்கோணம் வேணுமா? ரெண்டும் ஒரே 5 மி.மீ.தான், ஒரே உருப்பெருக்கம்தான். அப்புறம் எதுக்கு விலை இத்தனை மடங்கு?"

கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு வரியில் பதில் சொன்னால் அது விளம்பரம் மாதிரி ஆகிவிடும். அதனால் கொஞ்சம் பின்னால் போவோம். 400 வருஷம்.

போவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. எட்டு இன்ச் டாப்சோனியனின் குவியத் தூரம் பொதுவாக 1,200 மி.மீ. அதை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். 5 மி.மீ. போட்டால் 240 மடங்கு. ஐபீஸ் மேல் 50 டிகிரி, 82 டிகிரி என்று எழுதியிருக்கிறதே, அது கண்ணை வைத்ததும் அந்த ஒளிவட்டம் எவ்வளவு அகலமாக விரிகிறது என்பதைச் சொல்லும் கோணம். அந்தக் கோணத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், வானத்தில் உண்மையில் எவ்வளவு இடம் உங்களுக்குத் தெரிகிறது என்று கிடைக்கும்.

இப்போ பூமியின் சுழற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்க. 24 மணி நேரத்தில் 360 டிகிரி. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், அதாவது 240 நொடி. அதே 240! ஆக, மோட்டார் இல்லாத டெலஸ்கோப்பில் 240 மடங்கில் பார்த்தால், ஐபீஸின் ஒவ்வொரு டிகிரியும் ஒரு நொடி. 50 டிகிரி ப்ளாசலில் ஒரு ஓரத்தில் நுழைந்த சனி மறு ஓரத்தில் வெளியேற 50 நொடி. 82 டிகிரியில் 82 நொடி. வான நடுக்கோட்டில் இருக்கும் பொருளுக்கான கணக்கு இது. கோள்கள் அதிலிருந்து விலகி இருக்கும்போது இன்னும் சில நொடிகள் கூடும், அவ்வளவுதான்.

மொட்டை மாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சனியைக் காட்டியவர்களுக்கு 50 நொடி எவ்வளவு குறைவு என்று தெரியும். நீங்க கோளைப் பிடித்து ஓரத்தில் நிறுத்தி, குழாயின் ஆட்டம் அடங்கி, பிள்ளை குனிந்து, கண்ணைச் சரியான இடத்தில் வைத்து, "எங்க மாமா, ஒண்ணுமே தெரியல" என்று சொல்வதற்குள் சனி கிளம்பிவிடும். அந்தக் கூடுதல் 32 நொடியைச் சம்பாதிக்க ஒளியியலுக்கு எவ்வளவு காலம் ஆனது என்பதுதான் இன்றைய கதை.

கலிலியோவிடமிருந்து ஆரம்பிக்கலாம். 1609, 1610-ல் அவர் பயன்படுத்திய தொலைநோக்கியில் கண்ணருகே இருந்தது குழிவில்லை. அதன் நல்ல குணம், படம் நேராகத் தெரியும். கெட்ட குணம், வட்டம் ரொம்பச் சின்னது. சுமார் 20 மடங்கு உருப்பெருக்கும் கருவியில் அவருக்குத் தெரிந்தது ஏறக்குறைய 15 ஆர்க்மினிட், அதாவது முழு நிலவின் அகலத்தில் பாதி. நாம் இப்போ பேசுகிற கணக்கில் அது ஐந்து டிகிரி ஐபீஸ். ஐம்பது இல்லை, ஐந்து! சாவித் துவாரம் வழியாக வானத்தைப் பார்க்கிற மாதிரி. வியாழனின் நான்கு பெரிய நிலாக்களில் வெளியே இருக்கும் கலிஸ்டோ, கோளிலிருந்து பத்து ஆர்க்மினிட் வரை விலகிப் போகும். வியாழனை நடுவில் வைத்தால் அந்த நேரத்தில் கலிஸ்டோ வட்டத்துக்கு வெளியே போய்விடும். அப்படி ஒரு கருவியை வைத்துக்கொண்டு அந்த மனிதர் நான்கு நிலாக்களையும் பிரித்தறிந்து, இரவுக்கு இரவு படம் போட்டு வைத்திருக்கிறார் என்பதை நினைத்தால் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கிறது.

1611-ல் கெப்ளர் தன் 'டையாப்ட்ரிஸ்' நூலில், குழிவில்லைக்குப் பதில் குவிவில்லை வைக்கலாம் என்று எழுதினார். படம் தலைகீழாகும், ஆனால் வட்டம் அகலமாகும். வானத்தில் எது மேல், எது கீழ்? தலைகீழாவதால் ஒரு நஷ்டமும் இல்லை. இன்றைக்கும் டாப்சோனியனில் எல்லாம் தலைகீழாகத் தெரிவதற்கு அதுதான் தொடக்கம்.

அடுத்து கிறிஸ்டியான் ஹைகன்ஸ். 1660-களில் ஒரு வில்லைக்குப் பதில் இரண்டு வில்லைகளை இடைவெளி விட்டு வைத்தார். முன்வில்லை, வெளியே சிதறப்போகும் கதிர்களை உள்ளே வளைத்துத் தரும். வட்டம் விரிந்தது, ஓரத்தில் வந்த நிறச்சிதறலும் குறைந்தது. ஆனால் அவர் காலத்தில் நம்ம பிரச்சினை, அதாவது குட்டி ஐபீஸ் பிரச்சினை, பெரிதாக எழவில்லை. ஏன்? முகப்பு வில்லைகள் அத்தனை நீளம். ஹைகன்ஸ் வைத்திருந்த ஒரு வில்லையின் குவியத் தூரம் 123 அடி. அப்படி ஒரு கருவியில் ஐபீஸ் விரல் நீளக் குவியத் தூரத்தில் இருந்தாலே உருப்பெருக்கம் நூறைத் தாண்டிவிடும்.

குட்டி ஐபீஸைக் கட்டாயமாக்கியது கண்ணாடித் தொலைநோக்கி, அதாவது வில்லைக்குப் பதில் குழியாடி வைத்த தொலைநோக்கி. இங்கேதான் வில்லியம் ஹெர்ஷல் வருகிறார்.

1781 மார்ச் 13. இங்கிலாந்தின் பாத் நகரம். தொழிலில் இசைக்கலைஞரான ஹெர்ஷல், தானே தேய்த்த 6.2 இன்ச் ஆடியோடு, ஏழடித் தொலைநோக்கியில் விண்மீன்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்கிறார். அப்போது போட்டிருந்த உருப்பெருக்கம் 227. ஒரு விண்மீன் மட்டும் கொஞ்சம் தடிப்பாகத் தெரிகிறது. ஐபீஸை மாற்றி 460 ஆக்குகிறார். பிறகு 932. விண்மீன் என்றால் எத்தனை பெருக்கினாலும் அதே அளவில் அகலமாகாது. இதுவோ உருப்பெருக்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. முதலில் வால்வெள்ளி என்றுதான் நினைத்தார். அதுதான் யுரேனஸ்.

ஏழடியை 2,130 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், அவர் அன்றிரவு மாற்றிய மூன்று ஐபீஸ்களும் சுமார் 9.4, 4.6, 2.3 மி.மீ. நம்ம நேயர் வாங்க நினைக்கும் அதே குட்டி ரகம்! மனித வரலாற்றில் முதன்முதலாகக் கருவியால் கண்டுபிடிக்கப்பட்ட கோளை உறுதிப்படுத்தியதில் ஒரு 4.6 மில்லிமீட்டருக்கும் பங்கு இருக்கிறது.

ஹெர்ஷலின் தேர்வு இன்னும் சுவாரசியமானது. இரட்டை வில்லை ஐபீஸ் அவர் காலத்தில் நன்றாகவே கிடைத்தது. அவர் பல நேரங்களில் ஒற்றை வில்லையைத்தான் விரும்பினார். கண்ணாடி குறைந்தால் வெளிச்சமும் கூர்மையும் கூடும் என்பது அவர் அனுபவம். வட்டம் சின்னதாகப் போனால் போகட்டும். ஆறாயிரத்துக்கு மேல் உருப்பெருக்கம் வைத்திருப்பதாக அவர் சொன்னபோது சக வானியலாளர்கள் நம்பவே மறுத்தார்கள். ஆறாயிரம் மடங்கில், வட்டம் ஒரு பத்து டிகிரி விரிந்தது என்றே வைத்துக்கொள்வோம், விண்மீன் அதைக் கடக்க அரை நொடி கூட ஆகாது. கண்ணிமைப்பதற்குள் போய்விடும். அவர் தொலைநோக்கியைத் தானாக நகர்த்தும் கடிகாரம் எதுவும் அவரிடம் இல்லை, கையும் பழக்கமும்தான். நம்ம மொட்டை மாடிக்காரரின் பிரச்சினை அப்படியே ஹெர்ஷலுக்கும் இருந்தது. அவர் அதைப் பயிற்சியால் சமாளித்தார்.

அவருக்குப் பின் வந்தவர்கள் வேறு வழி கண்டார்கள். 1824-ல் டோர்பாட் ஆய்வகத்துக்கு, அது இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு நகரம், யோசெஃப் ஃபிரௌன்ஹோஃபர் செய்து கொடுத்த 9.5 இன்ச் தொலைநோக்கியில் ஒரு கடிகாரப் பொறி இருந்தது. பூமி சுழலும் வேகத்துக்குச் சரியாகக் குழாயைத் திருப்பிக்கொண்டே இருக்கும். விண்மீன் வட்டத்தின் நடுவில் அசையாமல் நிற்கும். பெரிய ஆய்வகங்கள் எல்லாம் இந்த வழிக்கு வந்தன. என் கருத்தில், அடுத்த ஒன்றரை நூற்றாண்டு குட்டி ஐபீஸின் வட்டம் குறுகலாகவே இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். நடுவில் நிற்கும் பொருளைப் பார்க்க ஓரம் எதற்கு? இரட்டை விண்மீன்களின் இடைவெளியை அளப்பவருக்கு நடுப்புள்ளி கூர்மையாக இருந்தால் போதும். தேவைப்பட்டவர்களிடம் கடிகாரம் இருந்தது. கடிகாரம் இல்லாதவர்களுக்காக யாரும் ஐபீஸ் வடிவமைக்கவில்லை.

அந்தக் காலத்தில் வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ராம்ஸ்டன், 1780-களில், இரண்டு தட்டைக்குவிவு வில்லைகள். பொம்மை டெலஸ்கோப்போடு இன்றும் 'எஸ்ஆர் 4 மி.மீ.' என்று ஒன்று கொடுக்கிறார்களே, அது அந்த வம்சம். அதில் கண் வைத்துச் சலித்துப்போய் வானியலையே விட்டவர்கள் ஏராளம். பிறகு ஜெர்மனியின் வெட்ஸ்லர் ஊரைச் சேர்ந்த கார்ல் கெல்னர், 1849. அவர் 29 வயதிலேயே இறந்துவிட்டார். அவர் தொடங்கிய பட்டறைதான் பின்னாளில் லைட்ஸ் நிறுவனமாகி, லைக்கா கேமராவைத் தந்தது. 1860-ல் வியன்னாவின் ப்ளாசல், 1880-ல் யேனாவில் எர்ன்ஸ்ட் ஆபே செய்த ஆர்த்தோஸ்கோபிக். ஆபேயின் ஐபீஸ் நடுவில் அவ்வளவு சுத்தம். கோள்களை மட்டுமே பார்ப்பவர்கள் இன்றும் அதைக் கீழே வைப்பதில்லை. ஆனால் வட்டம் நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான இன்னொரு தொல்லை, குவியத் தூரம் குறையக் குறையக் கண்ணை வைக்க வேண்டிய இடமும் கிட்டே வந்துவிடும். இதை 'ஐ ரிலீஃப்' என்கிறார்கள். ப்ளாசலில் அது குவியத் தூரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம். 5 மி.மீ. ப்ளாசல் என்றால் மூன்றரை மி.மீ. இமைமுடி கண்ணாடியில் உரசும். மூக்குக்கண்ணாடி போட்டவர் கதை சொல்லவே வேண்டாம்.

சரி, கூடுதலாக நாலு வில்லை சேர்த்து வட்டத்தை விரித்திருக்கலாமே என்று தோன்றும். அதற்கு ஒரு தடை இருந்தது. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். எட்டுப் பரப்பு இருந்தால் கால்பங்குக்கு மேல் போச்சு. போனது சும்மாவும் போகாது. உள்ளேயே எதிரொலித்து, வியாழன் பக்கத்தில் ஒரு பொய் வியாழனைக் காட்டும். ஹெர்ஷல் ஒற்றை வில்லையைப் பிடித்துக்கொண்டதன் நியாயம் இதில்தான் இருக்கிறது. 1935-ல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளிப்பைத் தடுக்கும் மெல்லிய பூச்சுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான், வடிவமைப்பாளர்களுக்குக் கை விடுபட்டது.

அகலக்கோணத்தை முதலில் தீவிரமாகத் தேடியது வானியல் இல்லை, ராணுவம். முதல் உலகப் போரின்போது, 1917-ல், ஸைஸில் ஹைன்ரிஷ் எர்ஃப்லே அறுபது டிகிரியைத் தாண்டும் ஐபீஸை வடிவமைத்தார். எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்று தெரியாதவனுக்கு ஓரம் முக்கியம். இரண்டாம் போர் முடிந்ததும் அமெரிக்காவில் ராணுவக் கழிவுச் சாமான்களோடு எர்ஃப்லே ஐபீஸ்கள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. அமெச்சூர்கள் அள்ளிக்கொண்டார்கள். ஆனால் அவை பெரும்பாலும் நீண்ட குவியத் தூரம், அதாவது குறைந்த உருப்பெருக்கம். பால்வீதியை மேய்வதற்கு அருமை, சனிக்கு உதவாது.

இந்த இடத்தில் ஒரு துறவியைக் கதைக்குள் கூப்பிட வேண்டும். ஜான் டாப்சன். பெய்ஜிங்கில் பிறந்து, சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் 1944-ல் சேர்ந்து, 1967 வரை துறவியாக இருந்தவர். மடத்தில் இருந்துகொண்டே பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடிகளைத் தேய்த்து ஆடி செய்தார். அந்த வேலையால் அடிக்கடி காணாமல் போகிறார் என்று கடைசியில் மடத்தை விட்டே வெளியேற வேண்டி வந்தது. அதன்பின் தெருவோரத்தில் டெலஸ்கோப்பை வைத்து, போகிறவர் வருகிறவர்க்கெல்லாம் வானத்தைக் காட்டினார். ப்ளைவுட் பெட்டி, அட்டைக் குழாய், டெஃப்லான் துண்டுகள். மோட்டார் இல்லை, கடிகாரம் இல்லை. காப்புரிமையும் வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

இதன் விளைவைப் பாருங்க. டோர்பாட் காலத்திலிருந்து கடிகாரம் தீர்த்து வைத்திருந்த பிரச்சினை, ஒரேயடியாக ஆயிரக்கணக்கானவர்களுக்குத் திரும்பி வந்துவிட்டது. இனி எல்லாரும் ஹெர்ஷல்! அது மட்டுமில்லை, 1980-ஐ ஒட்டி வந்த பெரிய டாப்சோனியன்களில் ஆடிகள் எஃப் 4.5 மாதிரி குட்டையானவை. ஒளிக்கதிர்கள் செங்குத்தான கூம்பாக வந்து ஐபீஸைத் தாக்கும். எர்ஃப்லே வகை அதைத் தாங்காது. ஓரத்து விண்மீன்கள் இறக்கை விரித்த பறவைகள் மாதிரி இழுபடும். வட்டம் அகலமாக இருந்தும் ஓரத்தில் சனியைப் பார்க்க முடியாது என்றால் அந்த நொடிகள் கணக்கில் சேராது.

விடை நிலாப் பயணத்திலிருந்து வந்தது. நியூயார்க்கின் ப்ராங்ஸில் வளர்ந்த ஆல் நாக்லர், ஃபேராண்ட் ஆப்டிகல் நிறுவனத்தில் வேலை செய்தவர். அப்போலோ விண்வெளி வீரர்கள் தரையிலேயே நிலவில் இறங்கிப் பழகுவதற்கான பயிற்சிக் கூண்டின் ஜன்னல்களுக்கு அங்கே ஒளியியல் அமைப்பு செய்தார்கள். அதன் காட்சி 110 டிகிரி விரிந்தது. அதற்குள் பார்த்தவருக்கு வட்டத்தின் விளிம்பு தெரியாது, விண்வெளியில் இருப்பதாகவே தோன்றும். நாக்லர் அமெச்சூர் வானியலாளரும்கூட. அந்த உணர்வைத் தன் டெலஸ்கோப்பில் கொண்டுவர நினைத்தார். 1977-ல் டெலிவ்யூ நிறுவனத்தைத் தொடங்கினார். பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க, முதலில் அவர் விற்றது புரொஜெக்ஷன் டிவிக்கான வில்லைகள். 1980 வாக்கில் 82 டிகிரி விரியும் 13 மி.மீ. ஐபீஸ் வந்தது, அமெரிக்கக் காப்புரிமை 1981-ல்.

அதன் சூட்சுமம் எளிமையாகச் சொல்லக்கூடியது. ஐபீஸின் முன்னால், ஆடியிலிருந்து ஒளி வரும் பக்கத்தில், ஒரு குழிவில்லைத் தொகுதியை வைத்தார். அது பார்லோ லென்ஸ் மாதிரி கூம்பைச் சாய்வு குறைந்ததாக நீட்டிவிடும். பின்னால் இருக்கும் குவிவில்லைகள் நிஜத்தில் நீண்ட குவியத் தூரம் கொண்டவையாக, பெரிதாக, வசதியாக இருக்கலாம். மொத்தத் தொகுதியின் குவியத் தூரம் மட்டும் குட்டையாகிவிடும். அதனால் கண்ணை ஒட்டி வைக்க வேண்டிய அவசியம் போயிற்று. இன்னொரு லாபம், குவிவில்லைகள் படத்தைக் கிண்ணம் போல வளைத்துவிடும், முன்னால் இருக்கும் குழிவில்லை அதை எதிர்ப்பக்கம் வளைத்துத் தட்டையாக்கும். இந்த இரண்டாவது யோசனை புதிதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் அரச வானியலாளராக இருந்த சார்ல்ஸ் பியாஸி ஸ்மித் கேமராவுக்குச் சொன்னது. அவர் எகிப்தியப் பிரமிடை அளந்து விசித்திரமான முடிவுகளுக்குப் போனதால் அந்தப் பெயரில்தான் அதிகம் ஞாபகம் இருக்கிறார். பழைய இரண்டு யோசனைகளும் பூச்சும் சேர்ந்துதான் நாக்லர்.

குறை இல்லாமல் இல்லை. கண்ணாடிகள் ஏழு, கனம் அதிகம். முதல் 13 மி.மீ.யில் தலையைக் கொஞ்சம் அசைத்தால் அவரைக்கொட்டை வடிவில் ஒரு கறுப்பு நிழல் குறுக்கே ஓடும். புதியவர்களுக்கு அது பெரிய எரிச்சல். பின்வந்த வகைகளில் அதைச் சரிசெய்தார்கள். 2007-ல் அதே நிறுவனத்தில் பால் டெலெக்கியாயி வடிவமைத்த ஈத்தோஸ் 100 டிகிரியைத் தொட்டது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு 82 டிகிரியைப் பலரும் செய்கிறார்கள், விலையும் இறங்கிவிட்டது.

இப்போ நேயரின் கேள்விக்கு வருவோம். உங்க டெலஸ்கோப்பில் மோட்டார் இருந்தால், ஹெர்ஷலுக்கு அடுத்த தலைமுறை செய்ததையே செய்யுங்க. ஒரு நல்ல ஆர்த்தோ அல்லது ப்ளாசல் போதும், கூடுதல் டிகிரிக்குக் காசு தேவையில்லை. மோட்டார் இல்லாத டாப்சோனியன் என்றால் டிகிரிக்கு மதிப்பு உண்டு. ஆனால் முதலில் 5 மி.மீ.தானா என்று யோசியுங்க. காற்று நிலையாக இல்லாத இரவுகளில் 240 மடங்கில் சனி கொதிக்கிற எண்ணெயில் போட்ட வடை மாதிரி இருக்கும். 6 மி.மீ. என்றால் 200 மடங்கு, அதிக இரவுகள் கைகொடுக்கும். சந்தையில் 66 டிகிரியில், தங்க நிறக் கோடு போட்ட 6 மி.மீ. ஐபீஸ் ஒன்று பல பெயர்களில் மலிவாகக் கிடைக்கிறது. அதில் கோள் கடக்க 79 நொடி ஆகும். 5 மி.மீ. 82 டிகிரி தரும் நேரத்துக்கு மூன்று நொடிதான் குறைவு! என்னைக் கேட்டால் அங்கிருந்து தொடங்கலாம். அதன் ஓரம் நாக்லர் அளவுக்குச் சுத்தமில்லை, ஆனால் எஃப் 6 ஆடிக்கு ஒப்பேறும். 82 டிகிரிக்குச் செலவு செய்வதென்றால், எஃப் 5-க்குக் கீழே உள்ள பெரிய ஆடி வாங்கும்போது செய்யுங்க, அங்கேதான் அதன் அருமை தெரியும்.

மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பினாலே போதும். சிலிண்டர் பவர் இருப்பவர்கள் கழற்றக் கூடாது என்று சொல்வார்கள், அது குறைந்த உருப்பெருக்கத்துக்குச் சரி. 200 மி.மீ. ஆடியில் 240 மடங்கு என்றால் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம் 0.83 மி.மீ.தான். அவ்வளவு சின்னக் கற்றைக்குக் கண்ணின் அந்தக் குறை பெரும்பாலும் தெரியாது. ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட்டு, அதன்பின் 20 மி.மீ. ஐ ரிலீஃப் உள்ள விலை கூடிய ஐபீஸ் தேவையா என்று முடிவெடுங்க. பார்லோ லென்ஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த எபிசோடில் பதில் சொல்கிறேன்.